தேவதைக் கதை கேட்காத பிள்ளைகள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிக்கிறப்போ பேனா விக்கிற பையன் பக்கத்துல வந்து நிப்பான். நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. அவன் அடுத்த ஆளுகிட்ட போயிடுவான்.

பம்பாய்ல இந்த மாதிரி பிள்ளைகளை உட்கார்ந்து, பார்த்து, செதுக்கினவர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா. வங்காளத்துக்காரர். 1943 பஞ்சத்தப்போ மிதுனாப்பூர் பக்கம் ஊர் ஊராப் போய் வரைந்த படங்களை 'பசித்த வங்காளம்' என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். 5000 பிரதி அச்சாச்சு. பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. தப்பிப் பிழைத்த ஒரு பிரதியை வைத்துத்தான் 2011-ல் மறுபதிப்பு வந்தது.

பிறகு பம்பாயில், 1950களின் தொடக்கத்தில், வேலை பார்க்கும் சிறுவர்களை லினோகட் வரிசையாகச் செய்தார். பெயர் 'தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்'. யுனிசெஃபின் டென்மார்க் குழு 1969-ல் அதைப் புத்தகமாகப் போட்டது.

ஏன் லினோகட்? முதல் காரணம் காசு. லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள் கலந்து சணல் துணியில் படியவைத்த தரைவிரிப்பு. லேசா சூடு காட்டினா வெண்ணெய் மாதிரி வெட்டும். செதுக்கின இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. உருளையால் மை தடவி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தாலே போதும், பிரஸ்ஸே வேண்டாம். ஒரே பலகையில் நிறைய பிரதி. பணக்காரர் வீட்டுச் சுவருக்கு மட்டும் போற ஓவியம் இல்லை இது. (எழுத்தைக் கண்ணாடியில் தெரியுற மாதிரி திருப்பிச் செதுக்கணும். நம்ம 'ஸ்ரீ'யை ஒருதடவை முயற்சி பண்ணிப் பாருங்க, எஞ்சினியரிங் டிராயிங்கே ஈஸின்னு தோணும்.)

எனக்கு முக்கியமாப் படுறது இன்னொன்று. தொடங்கும்போது பலகை முழுக்க இருட்டு. கலைஞர் வெட்டுற ஒவ்வொரு கோடும் வெளிச்சம். தப்பா வெட்டினா ஒட்ட முடியாது. அதனால ஒரு முகத்தை அவசரமாப் பார்த்துட்டுச் செதுக்க முடியாது. போட்டோன்னா ஒரு நொடி. இதுல அந்தப் பையனோட மணிக்கணக்கா இருக்கணும். ஏழ்மையை அழகான சோகமாக்கி லைக் வாங்குற படங்கள் நிறைய வருது. சித்தபிரசாத்தின் பிள்ளைகள் இரக்கம் கேட்டு நிக்கல, வேலை செய்யுறாங்க. பார்க்கிற நமக்குத்தான் சங்கடம்.

செஞ்சு பாக்கணும்னா பெரிய அழிரப்பர், ஒரு கட்டர், ஸ்டாம்ப் மை போதும். பிடிக்கிற கையை பிளேடுக்குப் பின்னாடி வச்சுக்கோங்க. யாரைச் செதுக்கப் போறீங்களோ, முதல்ல அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. முதல் பிரதி திட்டுத் திட்டாத்தான் வரும். மையைக் குறைச்சு இன்னொண்ணு எடுங்க.