நினைவகத்திற்கு ஏற்ற அளவு

வீட்டில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் மேசைக் கணினி மெதுவாக இயங்குகிறது. ரேம் எனப்படும் நினைவகப் பலகை ஒன்றை வாங்கிக் கூடுதலாகப் பொருத்துகிறோம். சில நாள்கள் நன்றாக ஓடிய கணினி, பின்னர் திடீரென நின்றுவிடுகிறது. பலகை பழுதென்று எண்ணி அதனை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், பல வேளைகளில் பிழை பலகையில் இருப்பதில்லை. அதற்கு நாம் கொடுத்த அளவுகளில் இருக்கிறது. அவ்வளவுகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று நேர அளவு.

நினைவகத்தில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. ஓர் அறையில் மின்னூட்டம் இருப்பதும் இல்லாதிருப்பதுமே 1, 0 என்னும் இரண்டு இலக்கங்களாகின்றன. இம்மின்னூட்டம் தானே கசியும் தன்மையுடையது. ஆகவே, பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் ஒவ்வோர் அறையும் மீண்டும் நிரப்பப்படுகிறது. அளவுகள் தவறினால் 1 என்பது 0 என்று படிக்கப்படலாம். அவ்வேளையில் கணினி நின்றுவிட்டால் நாம் பிழையை அறிவோம். நிற்காமல் ஓடினாலோ, தவறான இலக்கம் நம் கட்டுரையிலும் குடும்ப ஒளிப்படங்களிலும் ஓசையின்றிப் பதிந்துவிடும். பின்னதே பெரிய இழப்பு.

முதலில் மின்னழுத்தத்தைக் காண்போம். ஒவ்வொரு தலைமுறை நினைவகத்திற்கும் ஒரு பொது அளவு உண்டு. டிடிஆர்2 வகைக்கு 1.8 வோல்ட், டிடிஆர்3 வகைக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகைக்கு 1.35 வோல்ட், டிடிஆர்4 வகைக்கு 1.2 வோல்ட். டிடிஆர்3எல் பலகை 1.5 வோல்ட்டிலும் இயங்கும். ஆகவே, டிடிஆர்3 பலகையையும் டிடிஆர்3எல் பலகையையும் சேர்த்துப் பொருத்தினால் இரண்டிற்கும் 1.5 வோல்ட் கொடுத்தல் வேண்டும்.

மிகுவேகப் பலகைகள் சிலவற்றின்மேல் 1.65 வோல்ட் என அச்சிட்டிருப்பர். 1.5 வோல்ட்டிலிருந்து 1.65 வோல்ட்டிற்கு உயர்த்துவது பத்து விழுக்காடு உயர்வுதானே என்று தோன்றும். ஆனால், செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடியை ஒட்டி உயர்வதால், வெப்பம் ஏறத்தாழ 21 விழுக்காடு கூடும். மேலும், இன்டெல் நிறுவனம் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட கோர் ஐ7 முதலாக நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி செயலிக்குள்ளேயே அமைந்தது. அதனால், மிகையான அழுத்தம் பலகையோடு செயலியையும் கெடுக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும்.

இனி, நேர அளவு. 9-9-9-24 என்பன போன்ற நான்கு எண்களைப் பலகையின்மேல் காணலாம். நினைவகத்தை ஒரு நூலகமாகக் கொள்வோம். திறந்த அலமாரியிலிருந்து நூலை எடுத்துத் தர ஆகும் நேரம் முதல் எண். அலமாரியைத் திறக்க ஆகும் நேரம் இரண்டாவது. அதை மூடி அடுத்ததற்கு ஆயத்தமாகும் நேரம் மூன்றாவது. திறந்த அலமாரி குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது நான்காவது.

இவ்வெண்கள் வினாடிகள் அல்ல, கடிகாரத் துடிப்புகள். 1333 வேகமுள்ள டிடிஆர்3 பலகையில் ஒரு துடிப்பு 1.5 நானோ வினாடி. எனவே, 9 துடிப்புகள் 13.5 நானோ வினாடி ஆகும். 1600 வேகத்தில் ஒரு துடிப்பு 1.25 நானோ வினாடி. அங்கே 11 துடிப்புகள் 13.75 நானோ வினாடி. எண் பெரிதாயினும் காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, எண்ணைக் குறைத்தால் கணினி பறக்கும் என்று மயங்குதல் கூடாது.

அவ்வாறாயின் பாதுகாப்பான அளவை எவ்வாறு தேர்வது? ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகளுள் மெதுவாக நடப்பதன் வேகமே வண்டியின் வேகம். அதுபோல, இரண்டு பலகைகளுள் வேகம் குறைந்ததன் அளவையே இரண்டிற்கும் தருதல் வேண்டும். ஒவ்வொரு பலகையிலும் உள்ள சிறு சில்லு அதற்குரிய அளவுகளைத் தாங்கியுள்ளது. பயாஸ் அமைப்பில் 'ஆட்டோ' என்பதைத் தெரிவு செய்தால், தாய்ப்பலகை அவற்றைப் படித்துப் பொதுவான அளவைத் தானே அமைக்கும். பழைய கணினிக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

பலகையைத் தொடுமுன் மின் இணைப்பை அகற்றுங்கள். பொருத்திய பின், மெம்டெஸ்ட்86 போன்ற சோதனை நிரலை ஓர் இரவு முழுவதும் ஓட்டுங்கள். ஒரு பிழை தோன்றினாலும் அவ்வளவை ஏற்காதீர்கள். வேகத்தைக் குறைத்து மீண்டும் சோதியுங்கள். வட இந்தியக் கோடையில் வெப்பம் 40 பாகையைக் கடப்பதுண்டு. தையில் தேறிய அளவு சித்திரையில் தவறலாம். ஆகவே, கோடையில் மறுமுறையும் சோதித்தல் நன்று.

நொடியின் சிறு துளியை மிச்சப்படுத்துவதற்காகச் சேமித்த செல்வத்தை இழத்தல் அறிவுடைமை ஆகாது. நினைவகத்தின் பெருமை விரைவில் மட்டும் இல்லை. வைத்ததை வைத்தவாறே திருப்பித் தருவதில் இருக்கிறது.

பயிற்சி

1. நினைவகப் பிழைகளுள் கணினி நிற்காமல் ஓடும் பிழையே பெரிய இழப்பு எனப்படுவது ஏன்?
2. 1333 வேகத்தில் 10 துடிப்புகள் எத்தனை நானோ வினாடி?
3. உங்கள் வீட்டுக் கணினியின் நினைவக வகையைப் பெரியவர் துணையுடன் அறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.