ஊட்டிக்கு வேலைக்குப் போறீங்களா? ஹீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

நமக்குச் சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. மார்கழி ராத்திரியில ஃபேன் வேகத்தைக் குறைச்சு, போர்வையை இழுத்துக்கிட்டா எங்க ஊர்க் குளிர் முடிஞ்சது. அங்கேயே வளர்ந்த என் சித்தி பையன் வேலை கிடைச்சு ஊட்டிக்குப் போனான். முதல் குளிர்காலம் முடியறதுக்குள்ள போன்: "அண்ணே, கரண்ட் பில் 3,200 ரூபாய் வந்திருக்கு. மீட்டர்ல ஏதோ கோளாறு."

மீட்டர்ல கோளாறே இல்லை. வாங்க, கணக்குப் போடுவோம்.

அவன் ஹீட்டர் 2,000 வாட். ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட். தினமும் 4 மணி நேரம்னா, 60 நாளில் 480 யூனிட். லைட், டிவி, கீசர் எல்லாம் சேர்த்து அவனுடைய வழக்கமான செலவு 150 யூனிட்தான். இப்போ மொத்தம் 630.

இங்கதான் சூட்சுமம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். அவன் பில் வந்த சமயத்தில் முதல் 100 யூனிட் இலவசமா இருந்துச்சு. அதுக்கு மேல படிப்படியா விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிட்டா, 101 முதல் 200 வரை அப்போ கிடைச்ச சலுகை விலையும் போயிடும். 600-க்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய்க்கு மேல. ஹீட்டர் இல்லாம 120 ரூபாய் கூட வராத பில், 3,200 ஆனது இப்படித்தான். யூனிட் நாலு மடங்கு, பணம் இருபத்தஞ்சு மடங்குக்கு மேல!

"ஆயில் ஹீட்டர் வாங்கினா கரண்ட் மிச்சமாகுமா அண்ணே?" என்று அடுத்த கேள்வி. ஆகாது. ராடு, ஃபேன், ஆயில் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே அளவு சூடுதான். ஆயில் ஹீட்டர் அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பா இருக்கும். ராடு ஹீட்டர் எதிரில் உட்கார்ந்தவருக்கு உடனே சூடு தரும். வித்தியாசம் அவ்வளவுதான். சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏசி மட்டும் வேற ரகம்: அது வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தருவதால், ஒரு யூனிட்டுக்கு இரண்டு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். ஆனா வாடகை வீட்டுக்கு அந்த முதலீடு ஒத்துவருமான்னு யோசிங்க.

கடுப்பில் அவன் சொன்ன அடுத்த யோசனைதான் என்னைப் பயமுறுத்துச்சு: "பேசாம ஒரு கரி அடுப்பை ரூமுக்குள்ள வச்சுக்கறேன்." வேண்டவே வேண்டாம்! மூடிய அறையில் கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூங்கறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. 2024-இல் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்புப் புகையில் இரண்டு இளைஞர்கள் உயிரிழந்தார்கள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வதும் இதே ஆபத்துதான்.

அப்போ என்னதான் செய்யறது? அவனுக்கு நான் சொன்னது இது.

முதலில் சூடு வெளியே போறதை நிறுத்து. கதவிடுக்கில் பழைய துணி, ஜன்னலுக்குக் கனமான திரை. பகலில் வெயில் வரும் பக்கம் திரையைத் திறந்து வை, சாயந்திரம் மூடு.

இரண்டாவது, அறையைவிட உடம்பைச் சூடாக்கு. கம்பளி, காலுறை, ரஜாய், படுக்கையில் வெந்நீர்ப் பை. இரண்டு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கக் கால் யூனிட் கூட ஆகாது.

மூன்றாவது, 800 வாட் ராடு ஹீட்டர், தினம் 2 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 96 யூனிட்தான். மொத்தம் 246 யூனிட், பில் 450 ரூபாய் பக்கம். துணி, படுக்கை பக்கத்தில் வைக்காதே. தூங்கும் முன் அணை.

2,000 வாட் ஹீட்டரே வேணும்னா சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில்தான் போடணும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்காது, உருகிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹீட்டரின் விலை ஒரு முறை செலவு; அதன் வாட்ஸ் மாசாமாசம் செலவு. கடையில் விலைச்சீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி வாட்ஸைப் பாருங்க. பில் வர்ற வரைக்கும் காத்திருக்காம வாரம் ஒருமுறை மீட்டரைப் பாருங்க. 500 யூனிட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டா, குளிரும் போகும், சம்பளமும் மிஞ்சும்.