ஒரே கரும்பு, இரண்டு தீர்ப்பு

பவானி வட்டாரத்தில் ஒரே வயலில் வெட்டிய கரும்புக்கு இரண்டு வழி உண்டு. ஒரு வண்டி ஆப்பக்கூடல் சர்க்கரை ஆலைக்குப் போகும். இன்னொன்று கவுந்தப்பாடிப் பக்கம் ஏதாவது ஓர் ஆலைக்கொட்டாய்க்குப் போகும். முதல் வண்டி வெள்ளைச் சர்க்கரையாக வெளியே வரும். எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்கு அஸ்கா என்று பெயர். இரண்டாவது வண்டி நாட்டுச் சர்க்கரையாகவோ வெல்லமாகவோ மூட்டையில் ஏறும். இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல்தான். குடிக்கிற தண்ணீரும் ஒரே பவானி ஆற்றுத் தண்ணீர்தான். ஆனால் இன்றைக்கு எந்த டீக்கடையில் நின்று கேட்டாலும் ஒன்று விஷம், இன்னொன்று மருந்து.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீர்ப்பு தலைகீழாக இருந்தது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்து, கரும்பு பெருகி, 1960களில் பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் சக்தி சர்க்கரை ஆலை ஆப்பக்கூடலில் எழுந்த பிறகும்கூட, வீட்டுக் காப்பிக்கு நாட்டுச் சர்க்கரைதான். அஸ்கா ஒரு டின்னுக்குள் மேல் அலமாரியில் இருக்கும். சம்பந்தி வீட்டார் வந்தால் இறங்கும். வாத்தியார் வந்தால் இறங்கும். வந்தவருக்குக் கருப்பாகக் காப்பி கொடுத்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு நாளைக்கு மனசு ஆறாது. அஸ்கா ரேஷனில் அளந்து கொடுத்த பண்டம். நாட்டுச் சர்க்கரையோ தெரிந்தவர் ஆலையில் கேட்டாலே கிடைக்கும். எது சுலபமாகக் கிடைத்ததோ அதற்கு மதிப்பில்லை.

இன்றைக்கு அதே டீக்கடையில் நாட்டுச் சர்க்கரை டீக்கு விலை கூட. அதற்குத் தனிப் பலகை வேறு. வெள்ளைச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவர் ‘வித்தவுட்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு தேங்காய் பன்னை எடுத்துக்கொள்கிறார்.

முன்பு சாப்பாட்டைப் பற்றி வாதமே நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓயாமல் நடந்தது. ஆனால் கேள்வி வேறு. கொள்ளு சூடு, மழைக்காலத்துக்குக் கடைந்து போடு, வெயிலுக்கு வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு மோர் ஊற்றாதே. கத்தரிக்காய் கரப்பான், சொறி உள்ளவனுக்கு ஆகாது, மற்றவன் தின்னட்டும். பச்சை உடம்புக்காரிக்கு இது, பல் முளைக்கிற குழந்தைக்கு அது. தீர்ப்பு எப்போதும் ஓர் ஆளையும் ஒரு பருவத்தையும் சேர்த்தே சொல்லப்பட்டது. ‘இவனுக்கு ஆகாது’ என்பார்களே தவிர, ‘இது உலகத்தில் யாருக்குமே ஆகாது’ என்று எந்தக் கிழவியும் ஒரு பண்டத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைத்ததில்லை.

அந்தப் பத்தியமெல்லாம் ஞானம் என்று கொண்டாடவும் எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுத்த வீடுகள் இந்தப் பக்கத்தில் ஏராளம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீரே காட்டாமல் காயப்போட்டதும் அதே பத்தியம்தான். ராகிக் களியும் கம்பஞ்சோறும் தின்றது ஆரோக்கியத்துக்காக அல்ல, நெல்லுச்சோறு கட்டுப்படியாகாததற்காக. அப்போது களி தின்றவர்களில் பலர், கையில் காசு வந்ததும் முதலில் கைவிட்டது களியைத்தான். அவர்களுடைய பேரன் பேத்திகள் இப்போது அதை ஈரோட்டு ஓட்டலில் நெய் ஊற்றி, நல்ல விலை கொடுத்துச் சாப்பிடுகிறார்கள்.

ஆளைவிட்டுப் பண்டத்தின்மீது தீர்ப்பு தாவியது எப்போது? எங்கள் ஊரில் அது எண்ணெய் வழியாக வந்தது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் முடிச்சுப் போட்டார். 1961இல் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. அதே ஆண்டு அமெரிக்க இதயச் சங்கம், நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்க்கு மாறச் சொன்னது. இந்தச் சேதி பவானி வந்து சேர முப்பது வருஷம் ஆயிற்று, அதுவும் தொலைக்காட்சி விளம்பரமாகத்தான். இதயத்தின் படம், ஓடியாடும் குழந்தைகள், கண்ணாடிபோல் தெளிந்த சூரியகாந்தி எண்ணெய். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயின் வாசமே ஒரு குற்றம்போல் ஆகிவிட்டது. காங்கேயமும் வெள்ளகோவிலும் கொப்பரை உலர்த்திப் பிழைக்கிற சீமையில், அரிசியும்பருப்புச் சோற்றில் தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்ட மனிதர்கள், டாக்டர் திட்டுவார் என்று அதைத் தலைக்கு மட்டும் தேய்த்துக்கொண்டார்கள். ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் அதே கதிதான்.

அந்தக் காலம் முழுக்க நிஜமாகவே இதயத்துக்குக் கெடுதல் செய்த ஒன்று கல்யாண வீட்டு அடுப்பில் இருந்தது. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1937இல் டால்டா என்ற பெயரில் சந்தைக்கு வந்த வனஸ்பதியும் அதன் சகோதரங்களும். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டிப்படுத்தும்போது உண்டாகிற டிரான்ஸ் கொழுப்பு, நல்ல கொலஸ்டிராலைக் குறைத்துக் கெட்டதைக் கூட்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு உச்சவரம்பு போட்டுப் படிப்படியாக இறக்கி, 2022 ஜனவரியில்தான் 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. பேக்கரி ‘பப்ஸ்’ தின்றுகொண்டே தேங்காய் எண்ணெய்க்குப் பயந்த தலைமுறை ஒன்று இருந்தது. நானும் அந்தத் தலைமுறைதான்.

இப்போது ஊசல் மறுபக்கம் போய்விட்டது. பவானியிலிருந்து ஈரோடு போகிற வழியெல்லாம் மரச்செக்குக் கடைகள். இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், சித்த மருத்துவர் கு. சிவராமன் ஆனந்த விகடனில் எழுதிய ‘ஆறாம் திணை’ தொடரும் இந்த மாற்றத்தில் பெரிய பங்கு. அவர்கள் சொன்னதில் நிதானம் இருந்தது. அது வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்தபோது நிதானம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. ‘ரீபைண்ட் ஆயில் விஷம், தேங்காய் எண்ணெய் அமுதம்’ என்று இரண்டே வரியாயிற்று. மேல்நாட்டிலும் இதே கூத்துதான். 2018இல் கரின் மிஷெல்ஸ் என்ற பேராசிரியர் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பேசிய பேச்சில் தேங்காய் எண்ணெயைச் சுத்த விஷம் என்றார். இந்திய அரசின் தோட்டக்கலை ஆணையர் அவரிடம் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதினார். தேங்காய் எண்ணெயில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பது உண்மை. ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டவர் உடனே செத்துவிழமாட்டார் என்பதும் உண்மை. இரண்டு உண்மையையும் ஒரே வாயால் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

செக்கெண்ணெய்க்காரர்கள் சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலைக் கெடுப்பது. மரச்செக்கில் ஆட்டினால் அது எண்ணெயோடு கூடவே வரும். சுத்திகரிப்பு ஆலையில் அது பெரும்பாலும் போய்விடும். ஆக, செக்கு எந்த மரம் என்று விசாரிப்பதைவிட, கடலையை எப்படிக் காயவைத்தார்கள், சொத்தையைப் பொறுக்கினார்களா என்று விசாரிப்பது முக்கியம். நான் பார்த்தவரை வாகை மரமா என்று கேட்கிறவர்கள் நிறைய; கடலையை ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறவர்கள் குறைவு.

கவுந்தப்பாடிக்குத் திரும்புவோம். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நாட்டுச் சர்க்கரை அறுபது கிலோ மூட்டைகளாக ஏலத்துக்கு வரும். பழநி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போவது இங்கிருந்துதான். கரும்பை நசுக்கிய சாற்றைக் கொப்பரையில் ஏற்றி, உலர்ந்த சக்கையையே எரித்துக் காய்ச்சுவார்கள். கொதி வரும்போது அழுக்கு மேலே திரளும். சுண்ணாம்பு கொஞ்சம், வெண்டைச் செடித் தண்டை நசுக்கிய சாறு கொஞ்சம் விட்டால் திரள் நன்றாகப் பிரியும். அதை அள்ளி எடுக்க வேண்டும். பாகு பதம் வந்ததும் தொட்டியில் கொட்டி ஆறவிட்டு, மரத்தட்டால் தேய்த்துப் பொடியாக்கினால் நாட்டுச் சர்க்கரை. பதம் ஒரு நிமிஷம் முந்தினாலும் பிந்தினாலும் போச்சு. பதம் பார்க்கிற ஆளுக்கு ஆலையில் முதலாளிக்கு இணையான மரியாதை.

சிக்கல் நிறத்தில் தொடங்கியது. அஸ்காவின் வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெல்லமும் பளீரென்று இருக்க வேண்டும் என்று தோன்றியது. பொங்கலுக்கு மஞ்சள் வெல்லம்தான் விற்கும். கருத்த வெல்லத்தைக் கடைக்காரர் ஒதுக்கினார். அதற்கு ஆலைக்காரர் கண்ட வழி ஹைட்ரோஸ். சோடியம் ஹைட்ரோசல்பைட். ஈரோட்டுப் பக்கம் சாயப்பட்டறையில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. வாட் சாயம் ஏற்ற உதவுகிற ரசாயனம். நூலுக்குப் போடுகிற சரக்கு கொப்பரைக்குள் வந்தது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ஹைட்ரோஸை யார் தராசில் நிறுத்துப் போடுகிறார்கள்? கண் அளவுதான்.

அடுத்த வேடிக்கை இதைவிடப் பெரிது. நாட்டுச் சர்க்கரைக்கு மவுசு கூடி விலை அஸ்காவைத் தாண்டியதும், சிலர் கொப்பரையில் அஸ்காவையே கொட்டத் தொடங்கினார்கள். எடை கூடும், மணி மணியாக வரும், நிறமும் வரும். பொங்கலை ஒட்டி ஈரோடு, சேலம் மாவட்ட ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டு, வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்வது இப்போது வருஷாந்திரச் செய்தி. அஸ்கா விஷம் என்று பயந்து, கூடுதல் விலை கொடுத்து, அதே அஸ்காவைக் கருப்புச் சட்டை போட்டு வாங்கிப் போகிறார் வாடிக்கையாளர். கருப்பாக இருந்தால் சுத்தம் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உவர் நிலத்துக் கரும்பானாலும், வெட்டி நாள் கடந்த கரும்பானாலும், அழுக்கு சரியாக அள்ளாமல் விட்டாலும், அடிப்பிடித்தாலும் வெல்லம் கருக்கும். மஞ்சளாக இருந்தால் அதிகாரி தூக்குகிறார், கருப்பாக இருந்தால் கடைக்காரர் தள்ளுகிறார் என்பது ஒழுங்காகத் தொழில் செய்கிற ஆலைக்காரரின் குறை. அதில் நியாயம் இருக்கிறது.

காங்கேயம் பக்கம் கொப்பரைத் தேங்காய்க்குக் கந்தகப் புகை போடுவதும் வெளுப்புக்காகத்தான். மஞ்சள் கிழங்குக்குப் பாலீஷும் சாயமும் ஏறுவதும் கண்ணுக்காகத்தான். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சளுக்கு இதனால் வந்த சந்தேகம் கொஞ்சநஞ்சமல்ல. பண்டம் எது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். அதை எந்தக் கை, எந்தக் கொப்பரையில், யாருடைய கண்ணுக்காகச் செய்தது என்ற கேள்வி கடைசி வரிசையில் நின்றது.

சரி, கலப்படமே இல்லாத நாட்டுச் சர்க்கரை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உணவுப் பாதுகாப்பு விதியே வெல்லத்தில் மொத்தச் சர்க்கரை 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்கிறது. மிச்சமிருக்கிற சொற்பத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற இரும்புச் சத்தும் கனிமங்களும். ஒரு டம்ளர் காப்பிக்கு இரண்டு ஸ்பூன் போட்டால் அதில் இரும்பு எவ்வளவு தேறும்? 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்குச் சொன்னது. அவர்களில் பலர், ‘அஸ்காவை விட்டுவிட்டேன், நாட்டுச் சர்க்கரைதான்’ என்று தைரியமாக மூன்று வேளையும் குடிக்கிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா இப்படித்தான். “ஏனுங் மாப்பிள்ளை, இது நம்ம மண்ணுல வெளஞ்சதுங், இது என்ன பண்ணும்?” என்பார். கணையத்துக்கு மண்வாசனை தெரியாது என்று அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அவருக்கு நான் இங்கிலீஷ் மருந்துக்காரர்களின் ஆள்.

பாலில்கூட இப்படி ஒரு தீர்ப்பு வந்தது. நாட்டுமாட்டுப் பால் ‘ஏ2’, அதனால் உயர்ந்தது என்று பாக்கெட்டில் போடுவதை 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. ஒரு வாரத்துக்குள் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. காங்கேயம் பசு வைத்திருப்பவர்கள் அந்த ஒரு வாரம் என்ன நினைத்திருப்பார்களோ. உப்பில் நடக்கிற கூத்து தனிக் கதை. 2025இல் இறக்குமதி நிற்கும்வரை, நாட்டு உணவு பேசுகிற பலர் வீட்டில் இருந்த இந்துப்பு, பாகிஸ்தானில் கேவ்ரா சுரங்கத்து உப்பு.

இந்த விவாதமெல்லாம் காசு உள்ளவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பாமாயில் கொடுக்கிறார்கள். லிட்டர் 25 ரூபாய். மரச்செக்குக் கடலெண்ணெய் அதைப்போலப் பல மடங்கு. ஜமக்காளம் நெய்கிறவர் வீட்டில் எந்த எண்ணெய் நல்லது என்று யாரும் விவாதிப்பதில்லை. கார்டுக்கு எது வருகிறதோ அதில்தான் தாளிப்பு. பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயும் கடலெண்ணெயும் கொடுங்கள், சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் கொடுங்கள் என்று கொங்குப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்காகக் கேட்டுவருகிறார்கள். கொப்பரைக்கும் கரும்புக்கும் விலை கிடைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. ஆரோக்கியம் அதன் கூடவே வருகிற வாதம். அதில் தப்பில்லை. அந்த 25 ரூபாய்க்கு மேல் ஆகிற செலவை யார் தருவது என்பதற்கு மட்டும் இதுவரை எந்த அரசும் பதில் சொல்லவில்லை.