கியர் போடுகிற சுகமும் முழங்கால் வலியும்

"ஐயா, இடது முழங்கால் குடையுது. மவன் ஆட்டோமேட்டிக் கார் வாங்கித் தாரேங்கான். கியர் வண்டிய விட மனசு வரமாட்டேங்கு. நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

நாகலாபுரத்தில் என்னிடம் வந்த அறுபது வயது மிளகாய் வியாபாரி கேட்டது இது. அவர் மனசு எனக்குப் புரிந்தது. நானும் அதே கட்சிதான்!

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் ராடு உள்ள அம்பாசிடரில் ஓட்டப் பழகினேன். முதல் நாள் குலுங்கிக் குலுங்கி நின்றது. போகப் போகக் கைக்கும் காலுக்கும் இணக்கம் வந்துவிட்டது.

அதில் அப்படி என்ன சுகம்?

என்ஜினுக்கு எல்லா வேகத்திலும் ஒரே இழுவை கிடையாது. புறப்படவும் மேடு ஏறவும் பலம் வேண்டும். அதற்குக் கீழ் கியர். சமதளத்தில் வேகம் வேண்டும். அதற்கு டாப் கியர். கிளட்சை மிதித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடுப்பு விடுபடும். கியரை மாற்றிவிட்டுக் காலை மெல்ல எடுத்தால் மறுபடி சேரும். எப்போது மாற்றுவது? காது சொல்லும். என்ஜின் முனகினால் கீழ் கியர். இரைந்தால் அடுத்த கியர். மழை பெய்த கரிசல் பாதையில், இரண்டாம் கியரில் நிறுத்தாமல், பதறாமல் ஓட்டித் தார் ரோட்டுக்கு வந்தால் ஒரு திருப்தி வருமே! காது, கை, கால், புத்தி நாலும் சேர்ந்து உழைத்த திருப்தி அது. மாடு பூட்டி உழுதவர்களுக்கு இது தெரியும்.

2014-ல் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது. அதே வருஷம்தான் மாருதி செலேரியோவில், கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. முறை வந்தது. அதில் இடது காலுக்கு வேலையே இல்லை.

சரி, வலிக்கு வருவோம். வியாபாரியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீட் ரொம்பப் பின்னால் இருந்தது. கிளட்சை மிதிக்க இடுப்பையே தூக்கினார். மற்ற நேரமும் பாதம் கிளட்ச் மேலேயே! காலுக்கும் ஓய்வில்லை, கிளட்ச் தட்டும் தேயும். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்:

1. கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி சீட்டை வையுங்கள்.

2. கியர் போட்டதும் காலைக் கீழே வைத்துவிடுங்கள்.

3. ரயில்வே கேட்டில் நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிடுங்கள்.

4. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். அடக்கக் கூடாதவை என்று சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களில் சிறுநீர், தாகம், கொட்டாவி, தூக்கம் எல்லாம் உண்டு. தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

5. இரவில் நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்து சுட்டால் ஒத்தடம் வேண்டாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தார். "குடைச்சல் கொறஞ்சிருக்கு" என்றார். சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னேன்: "கால் மரத்தாலோ, பெடலை மிதிக்கக் கால் தாமதித்தாலோ அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்க. அப்புறம் ஆட்டோமேட்டிக் ஆனாலும் மருத்துவர் சரின்னு சொன்ன பிறகுதான். உங்க ஆசைக்காக ரோட்டில் போறவன் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரிங்கய்யா" என்றார்.

எனக்கும் அதே நிபந்தனைதான்!