எத்தனை பாயிண்ட் கொடுப்பார்?

அளவைகள் – 12

திருவனந்தபுரத்தில் டேபிள் டென்னிஸ் மேசை போட்டிருக்கிற எந்த ஹாலுக்குள்ளும் சாயங்காலம் புதிதாக ஒருவர் மட்டையோடு நுழைந்தால், அவர் ஷூ மாட்டி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடும். "யூனிவர்சிட்டி பிளேயராம்." "டிஸ்ட்ரிக்ட் ஆடியிருக்காராம்." "பேங்க் டீம்ல இருந்தவராம்." ஸ்டாச்சு பக்கத்து அலுவலக ரிக்ரியேஷன் கிளப் ஆனாலும், கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் பையன்கள் ஆடுகிற மேசையானாலும் வழக்கம் இதுதான். இந்தப் பட்டங்களுக்குக் காலாவதித் தேதி கிடையாது. 1989இல் கல்லூரி அணியில் ரிசர்வாக உட்கார்ந்திருந்தவர் ஐம்பத்தெட்டு வயதிலும் யூனிவர்சிட்டி பிளேயர்தான். இடையில் முட்டி தேய்ந்துவிட்டது. பந்து 2000இல் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. அடுத்த வருஷம் 21 பாயிண்ட் ஆட்டம் 11 ஆனது. 2002இல் சர்வீஸ் போடும்போது பந்தைக் கையால் மறைக்கக் கூடாது என்றார்கள். 2014இல் பந்து செல்லுலாய்டிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது. பட்டம் மட்டும் மாறவில்லை.

சரி, நாக்கிங்கில் தெரிந்துவிடாதா என்பீர்கள். தெரியாது. மேட்சுக்கு முன் ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட் தட்டிப் பழகும்போது எல்லோருமே சாம்பியன்தான். பந்து எங்கே வரும் என்று இருவருக்கும் தெரியும், எதிராளியும் ஒத்துழைக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர் நாக்கிங்கை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். முதல் சர்வீஸுக்காகக் காத்திருப்பார். வலையை ஒட்டிக் குட்டையாக, கனமான பேக்ஸ்பின்னோடு ஒரு சர்வீஸ். வந்தவர் அதைத் தொட்டதும் பந்து வலையில் விழுந்தால் ஒரு தரம். வலையைத் தாண்டிவிட்டது, ஆனால் அடிப்பதற்கு வாகாக எழும்பிவிட்டது என்றால் அதற்கு ஒரு படி மேல். தாழ்வாகவும் நீளமாகவும் புஷ் பண்ணித் தள்ளினால் பழகிய கை. வலது காலை மேசைக்கு அடியில் நுழைத்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரு ஃப்ளிக் விட்டாரென்றால் பெஞ்சில் பேச்சு நின்றுபோகும். நல்ல சோதனைதான், ஆனால் கண்ணளவு. பார்த்தவர் வீட்டுக்குப் போனதும் அளவும் கூடவே போய்விடும்.

எண்ணால் அளக்கும் வழி ஒன்று நம் ஹால்களில் இருந்தது. அது பாயிண்ட் கொடுத்து ஆடுவது. 21 பாயிண்ட் காலத்தில் பலமான கை பலவீனமான கைக்கு முன்கூட்டியே சில பாயிண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு ஆடும். தோற்றவர் சாயா வாங்கித்தர வேண்டும்.

"அண்ணாச்சி, அஞ்சு எடுத்துக்கிடுங்க."

"அஞ்சா? என்னய என்னன்னு நெனச்ச? மூணு போரும்."

மூன்று வாங்கி அண்ணாச்சி 21–17 என்று தோற்பார். மறுநாள் வாயைத் திறக்காமல் ஐந்து வாங்கிக்கொள்வார். இரண்டு வாரம் இழுபறியாக நடந்தால், இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் ஐந்து பாயிண்ட் என்று ஹாலுக்கே தெரிந்துவிடும்.

அந்த ஐந்தை ஒரு காகிதத்தில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் சுவாரஸ்யமான ஒன்று வெளிவரும். ஐந்து கொடுத்தும் ஆட்டம் சமமாக முடிகிறதென்றால், ஒருவர் 21 எடுப்பதற்குள் மற்றவர் சொந்தமாக எடுப்பது 16. ஆக, 37 பாயிண்டில் 21 பலமானவருக்கு, நூற்றுக்கு 57. இதே இருவர் எதுவும் கொடுக்காமல், இன்றைய விதிப்படி 11 பாயிண்ட் கேமாக ஐந்து கேம் மேட்ச் ஆடினால் என்ன ஆகும்? ஒரு கேமைப் பலமானவர் ஜெயிக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. மேட்சை ஜெயிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம். பாயிண்டில் இருக்கும் ஏழு சதவீத ஏற்றம் மேட்சில் பத்துக்கு ஒன்பதாக வீங்கிவிடுகிறது. நூற்றுக்கு 55 பாயிண்ட் எடுப்பவரே மேட்சில் 82 தடவை ஜெயித்துவிடுவார். "அவன்கிட்ட நான் எப்பவும் தோத்துடறேன், அவன் வேற லெவல்" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். பல நேரம் சரிபாதிக்கு மேல் நூற்றுக்கு ஐந்தாறு பாயிண்ட்தான் ஏற்றம்.

இதே வேலையைச் சதுரங்கத்துக்கு ஒழுங்காகச் செய்தவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் 1903இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயற்பியல் பேராசிரியர். அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கச் சங்கம் 1960இலும், உலக அமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. அதன் சாரம் எளிது: இருவருடைய எண்களின் வித்தியாசத்தைப் பார்த்து யார் எத்தனை தடவை ஜெயிப்பார் என்று முன்கூட்டிச் சொல், நடந்தது அதற்கு மாறாக இருந்தால் எண்களைத் திருத்து. 200 புள்ளி ஏற்றம் இருந்தால் 76 சதவீதம், 400 இருந்தால் பத்துக்கு ஒன்று என்ற விகிதம், கிட்டத்தட்ட 91 சதவீதம். மேலே பார்த்த அண்ணாச்சிக் கணக்கும் அங்கேயே வந்து நிற்கிறது. பழைய ஹாலின் "அஞ்சு பாயிண்ட்" என்பது ஏறக்குறைய எலோவின் 400தான். ஜெர்மனியில் கிளப் லீக் ஆடும் டேபிள் டென்னிஸ்காரர்களுக்கெல்லாம் போடும் ரேட்டிங்கில் இதே பத்துக்கு ஒன்றை 150 புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். அளவுகோலின் கோடுகள்தான் வேறு, நீளம் ஒன்றுதான்.

திருவனந்தபுரத்தில் செஸ் ஆடுகிற பள்ளிப் பையன் ஒருவனை நிறுத்தி "எப்படி ஆடுவே?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு இலக்க எண் ஒன்றைச் சொல்வான். இந்த ஊர்ப்பிள்ளை எஸ்.எல். நாராயணன் 2015இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் அந்த எண் ஏணியில் ஏறித்தான். அதே பள்ளியில் டி.டி. ஆடும் பையனைக் கேட்டால் "சுமாரா ஆடுவேன் அங்கிள்" என்பான். அவனிடம் எண் இல்லை.

ரேங்க் இருக்கிறதே என்பார்கள். ரேங்க் வேறு, ரேட்டிங் வேறு. ரேங்க் என்பது குறிப்பிட்ட போட்டிகளில் எவ்வளவு தூரம் போனாய் என்பதற்குத் தரும் புள்ளி. போட்டிக்கே போகாதவர் பூஜ்யம். வெளியூர்ப் போட்டிக்கு ரயில் டிக்கெட்டும் லீவும் கிடைத்தவருக்கு ஏற்றம். டேபிள் டென்னிஸின் உலக அமைப்பே ஜனவரி 2018இல், யாரை ஜெயித்தாய் என்று பார்க்கும் பழைய முறையைக் கைவிட்டு, போட்டிப் புள்ளிகளைக் கூட்டும் முறைக்கு மாறியது. அந்தப் புது முறையில்தான் நம் சென்னை சத்தியன் 2019 மே மாதம் 24ஆம் இடத்தைப் பிடித்தார். ஊர் ஊராகப் போகிற தொழில்முறை ஆட்டக்காரருக்கு அது சரி. கரமனையில் ஆபீஸ் முடிந்து வாரம் மூன்று நாள் ஆடுகிறவருக்கு ரேங்க்கால் ஒரு உபயோகமும் இல்லை.

அமெச்சூர்களைத் தரம் பிரிக்க நம்மிடம் இருப்பவை மொண்ணையான வழிகள். ஒன்று வயது: நாற்பதைத் தாண்டியவர்கள் தனி. இன்னொன்று, கர்நாடகத்துப் போட்டிகளில் வைக்கும் நான்-மெடலிஸ்ட் பிரிவு. ஏற்கெனவே பதக்கம் வாங்கியவர்கள் அதில் ஆட முடியாது. நல்ல எண்ணம்தான். ஆனால் நேற்று மட்டை பிடித்தவரும், பத்து வருஷமாகக் காலிறுதியில் தோற்றுக்கொண்டே இருப்பவரும் அதில் ஒரே டிராவில் வருவார்கள்.

அமெரிக்க டேபிள் டென்னிஸ் சங்கத்தின் ரேட்டிங் பட்டியல் இதைவிட உருப்படியானது. கால்குலேட்டர்கூட வேண்டாம். இருவரும் ஏறக்குறைய சமம் என்றால் ஜெயித்தவருக்கு 8 புள்ளி, தோற்றவருக்கு 8 குறைவு. நூறு புள்ளி வித்தியாசம் இருக்கும்போது பெரியவர் ஜெயித்தால் 4தான் கிடைக்கும். சின்னவர் கவிழ்த்துவிட்டால் அவருக்கு 20. வித்தியாசம் 238ஐ எட்டினால் பெரியவருக்கு ஜெயித்தும் ஒன்றும் கிடையாது, தோற்றால் 50 போய்விடும். அந்த 50க்குப் பயந்து பலமானவர்கள் சின்னவர்களோடு ஆடுவதையே தவிர்ப்பார்கள் என்பது இந்தப் பட்டியலின் தீராத வியாதி. செஸ் போட்டிகளிலும் ரேட்டிங் போய்விடுமே என்று வராமல் இருக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறோம். தலைகீழான ஆட்களும் உண்டு: 1600க்குக் கீழே உள்ளவர்களுக்கான பரிசுப் பணத்துக்காக எண்ணை ஏறவிடாமல் பார்த்துக்கொள்பவர்கள்.

பையன்கள் தரும் தொல்லை வேறு ரகம். பன்னிரண்டு வயதுக்காரன் ஆறு மாதத்தில் எங்கோ போய்விடுவான். அவன் எண் பழைய இடத்திலேயே இருக்கும். அவனிடம் தோற்கிற பெரியவர்கள் நியாயமில்லாமல் புள்ளி இழப்பார்கள். செஸ்ஸில் இது முற்றிப்போய், ஃபிடே 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய எண்ணையும் ஒரே நாளில் தூக்கிவிட வேண்டியதாயிற்று. 1000 இருந்தவர் 1400, 1600 இருந்தவர் 1760. ஒரே இரவில் யாரும் நன்றாக ஆடக் கற்றுக்கொள்ளவில்லை. கோல் சுருங்கியிருந்தது, நீட்டிவிட்டார்கள்.

இதற்கு இன்னும் நுட்பமான விடை டேபிள் டென்னிஸிலிருந்தே வந்தது. டேவிட் மார்கஸ் என்ற அமெரிக்கர் வடிவமைத்த முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள்: ஒன்று திறமையின் மதிப்பீடு, மற்றது அந்த மதிப்பீட்டில் எவ்வளவு சந்தேகம் என்பது. வாராவாரம் ஆடுகிறவரின் இரண்டாவது எண் சிறுக்கும். ஆறு மாதம் காணாமல் போனவருடையது பெருக்கும், அதனால் திரும்பி வந்து ஆடும் முதல் மேட்சுகள் அவருடைய மதிப்பீட்டை வேகமாக நகர்த்தும். தும்பாவில் ராக்கெட்டின் பாதையைக் கணிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசி சிக்னலுக்குப் பிறகு நேரம் ஆக ஆக, ராக்கெட் எங்கே இருக்கிறது என்ற நிச்சயம் குறையும் என்பது அவர்களுடைய அன்றாடப் பாடம். அந்த யூனிவர்சிட்டி பிளேயரைப் பற்றி அவர்களைக் கேட்டால், கடைசி சிக்னல் 1989 என்று சொல்லிவிடுவார்கள்!

எல்லா ரேட்டிங்குக்கும் பொதுவான ஓர் ஓட்டை உண்டு. தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டம் ஒரு குளம்; எண் அந்தக் குளத்துக்குள்தான் செல்லும். கிளாட் பிளட்குட் என்ற கொலைக் கைதி, வர்ஜீனியா மாநிலச் சிறையில் சக கைதிகளோடு ஆடி ஆடியே 1996 வாக்கில் அமெரிக்கச் செஸ் பட்டியலின் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டார். ஒவ்வொரு மேட்சும் முறைப்படி பதிவானதுதான். வெளியாட்கள் யாரும் அந்தக் குளத்துக்குள் வரவில்லை, அவ்வளவே. நம் ஊரில் ஒவ்வொரு ஆபீஸ் கிளப்பும், ஒவ்வொரு ஃபிளாட் அசோசியேஷனும் தனித்தனிக் குளம். தலைமைச் செயலகத்துச் சாம்பியனும் டெக்னோபார்க் கம்பெனிச் சாம்பியனும் ஒருவரையொருவர் பார்த்ததே இருக்காது.

இன்னொரு ஓட்டை டேபிள் டென்னிஸுக்கே உரியது: பிம்பிள்ஸ். ஒவ்வொரு ஹாலிலும் மட்டையின் ஒரு பக்கத்தில் லாங் பிம்பிள்ஸ் ஒட்டிய பெரியவர் ஒருவர் இருப்பார். நீங்கள் கொடுத்த சுழற்சி தலைகீழாகத் திரும்பி வரும். உங்களைச் சுலபமாக ஜெயிக்கிறவரை அவர் ஜெயிப்பார், அவரை நீங்கள் ஜெயிப்பீர்கள். இந்த வட்டத்தை எந்த ஒற்றை எண்ணாலும் நேர்க்கோட்டில் நிறுத்த முடியாது. உச்சத்திலும் அப்படித்தான். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், உலக வரிசையில் 58ஆம் இடத்தில் இருந்த மனிகா பத்ரா, 4ஆம் இடத்தில் இருந்த சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெய்யைக் குழுப் போட்டியிலும் தோற்கடித்தார், ஒற்றையரிலும் தோற்கடித்தார். பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ். ஆனால் இதைக் காரணம் காட்டி ரேட்டிங்கே வேண்டாம் என்பது சோம்பேறிகளின் வாதம்.

என் கட்சி இது: திருவனந்தபுரத்துக்குச் செல்போன் ஆப்பும் வேண்டாம், சங்கத்தின் அனுமதியும் வேண்டாம். ஹாலுக்கு ஒரு நீள நோட்டு போதும். எல்லோருக்கும் 1000 என்று எழுதித் தொடங்குங்கள். மேலே சொன்ன அமெரிக்கப் பட்டியலை அட்டையில் ஒட்டுங்கள். ஆடிய மேட்ச் எல்லாம் ஏற வேண்டும். "இது சும்மா ஜாலிக்கு" என்று தோற்ற பிறகு சொல்வது செல்லாது. பையன்கள், பெண்கள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிளப்போடு நாலு பேர் போய் ஆடி, அந்த முடிவுகளை இரண்டு நோட்டிலும் எழுதுங்கள். குளங்களுக்கு நடுவே வாய்க்கால் வெட்ட அந்த நாலு பேர் போதும். எண்ணில் நூறு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தவர்கள் 11க்கு மூன்று கொடுத்து ஆடட்டும். அண்ணாச்சிக்கும் ஆட்டம் ருசிக்கும், கொடுப்பவருக்கும் வியர்க்கும்.

எந்தக் கிளப் செயலாளராவது இதை ஆரம்பித்தால், மூன்று மாத நோட்டின் நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். பெயர்களை எடுத்துவிட்டு எண்களை மட்டும் இந்தத் தொடரிலேயே அலசுவோம்.

(தொடரும்)