பிர்கா: ஏரிக்குள் மாட்டிக்கொண்ட துறைமுகம்

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், மேலாரன் ஏரிக்குள் பியோர்க்கோ என்றொரு தீவு. அங்கேதான் 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை பிர்கா என்ற வைக்கிங் வணிக நகரம் இருந்தது. அரபு வெள்ளிக்காசு, பட்டுத்துணி எல்லாம் தோண்டி எடுத்திருக்காங்க. சரி, கடல் வணிக நகரம் ஏரி நடுவில் எப்படி?

இதற்கு விடை: அப்போது அது ஏரியே இல்லை, பால்டிக் கடல் உள்ளே நீட்டியிருந்த ஒரு கை.

பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனி இந்த நிலத்தை அழுத்தி வைத்திருந்தது. பனி உருகி ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகியும், பஞ்சு மெத்தையில் உட்கார்ந்து எழுந்த பள்ளம் மாதிரி, தரை இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு சுமார் அரை சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்க, ஆயிரம் வருடத்தில் 5 மீட்டர்! அதனால் பிர்காவின் பழைய படகுத்துறையை இன்றைய கரையில் தேடினால் கிடைக்காது. கொஞ்சம் மேலே, காய்ந்த நிலத்தில் தேடணும். இங்கே கரையின் உயரமே ஒரு காலண்டர்.

இந்த இடத்தை 1871-இல் தோண்ட ஆரம்பித்த ஹியால்மார் ஸ்டோல்பே ஒரு பூச்சியியல்காரர். அம்பர் பிசினுக்குள் சிக்கிய பூச்சிகளைத் தேடித்தான் வந்தார். இயற்கையாகக் கிடைக்காத இடத்தில் இவ்வளவு அம்பரா? அப்படியென்றால் யாரோ கொண்டுவந்திருக்கணும். பூச்சியை விட்டுவிட்டு, சுமார் 1,100 கல்லறைகளைத் தோண்டினார்.

975 வாக்கில் பிர்கா காலியானது. வணிகப் பாதை, அரசியல் என்று பல காரணம் சொல்கிறார்கள். தெற்கே கடலுக்குப் போகும் சோடர்தேலியே வழி, தரை எழும்பி ஆழம் குறைந்துபோனதும் அதில் ஒன்று. வணிகம் சிக்தூனாவுக்கு நகர்ந்தது. பிறகு மேலாரன் கடலிலிருந்து பிரிந்து ஏரியானதும், அதன் வாயிலில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டிய இடத்தில் ஸ்டாக்ஹோம் வளர்ந்தது. அதன் பெயர் 1252-ஆம் வருட ஆவணத்தில் வருகிறது.

கதை இதோடு முடியவில்லை. இன்று மேலாரன் கடலைவிட சுமார் 70 சென்டிமீட்டர்தான் உயரம். ஏறக்குறைய 20 லட்சம் பேருக்கு அதுதான் குடிநீர். இப்போது கடல்மட்டமும் ஏறுகிறது. தரையைவிடக் கடல் வேகமாக ஏற ஆரம்பித்தால், உப்புநீர் உள்ளே வந்துவிடும். பிர்காவைக் கடலிலிருந்து பிரித்த அதே ஓட்டப்பந்தயம்தான். இந்த முறை ஜெயிக்கப்போவது தரையா, கடலா?