கோட்டில் மட்டும் பேசிய செல்பேசி

எந்தச் சாலையில் நெரிசல் என்பதைச் செல்பேசி எப்படிக் காட்டுகிறது தெரியுமா? அந்தச் சாலையில் செல்வோரின் செல்பேசிகள், தாங்கள் இருக்கும் இடத்தையும் போகும் வேகத்தையும் அனுப்புகின்றன. பலருடைய தகவலைச் சேர்த்தால் போக்குவரத்தின் ஓட்டம் புரிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கார் எந்த வீட்டிலிருந்து கிளம்பியது, எந்த மருத்துவமனையில் நின்றது என்பதும் தெரிந்துவிடுமே! பெயரை நீக்கினால் போதாதா? போதாது. தினமும் இரவில் கார் நிற்கும் இடமே உரிமையாளரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பொறியாளர்களும் நோக்கியா ஆய்வாளர்களும் இதற்கு ஒரு வழியைச் சோதித்தார்கள். நெடுஞ்சாலை வரைபடத்தில் ஆங்காங்கே கற்பனைக் கோடுகளைப் போட்டார்கள். அந்தக் கோட்டைத் தாண்டும்போது மட்டும் செல்பேசி தன் வேகத்தைச் சொல்லும். மற்ற நேரத்தில் வாயே திறக்காது! வீட்டு வாசலில் கோடு இல்லை; அதனால் வீடும் தெரியாது.

2008 பிப்ரவரி 8 அன்று 100 கார்களில் செல்பேசிகளை வைத்தார்கள். மாணவர்கள் நெடுஞ்சாலையில் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். முடிவு என்ன? சாலையில் செல்லும் 100 வண்டிகளில் 2 முதல் 3 வண்டிகள் தகவல் தந்தாலே வேகத்தை நன்றாகக் கணித்துவிடலாம்!

ஊருக்கு உதவ நம் ரகசியம் முழுவதையும் தர வேண்டியதில்லை. தேவையானதை மட்டும் சொன்னால் போதும். இனி ஏதாவது செயலி உங்கள் இருப்பிடத்தைக் கேட்டால், "இது எதற்கு?" என்று அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்.